எலிக்குத் தீனி எத்தனை மணிக்கு?

பெங்களூருவில் எலிகளை வைத்து இதயத்தின் இரவு பகல் தாளத்தை ஆராய வரும் புது மாணவர்கள், என் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். டெலிமெட்ரியை, அதாவது எலியின் உடலுக்குள் வைத்த கருவியிலிருந்து துடிப்பைப் பதியும் அமைப்பை, ஆன் செய்ய மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், தாமே திருந்திக்கொள்வார்கள்.

காலை பத்து மணித் தீனி

விளக்கில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். காலை 6 மணிக்கு எரிந்து மாலை 6 மணிக்கு அணைய டைமர், கதவிடுக்கில் கறுப்புத் துணி. தீனியை மட்டும் தங்கள் வசதிப்படி போடுகிறார்கள்.

சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி. தீனி எப்போதும் இருந்தால் பெரும்பகுதியை இருட்டில்தான் தின்னும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அப்போதுதான் ஏறும். கலோரி குறைப்புச் சோதனையில் அன்றைய பங்கைக் காலையில் போட்டால், சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிட்டு இரவெல்லாம் பட்டினி கிடக்கும். அளவோடு நேரமும் மாறிவிட்டது. உடலுக்குள் நாளின் வேளையைக் காட்டும் கடிகாரங்கள் பல உண்டு. மூளையிலுள்ள தலைமைக் கடிகாரம் ஒளியின் பின்னால் போகும். கல்லீரலின் கடிகாரம் தீனியின் பின்னால் போகும். இதயத்தினுடையது இன்னும் மெதுவாக நகரும்.

ஒளி மட்டுமே நேரம் சொல்வதில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. பின்னாளில் பெங்களூரு ஜக்கூருக்கு வந்த உயிர்க்கடிகார ஆய்வாளர் எம். கே. சந்திரசேகரன், மதுரைப் பக்கத்துக் குகையில் அடைத்து வைத்த வௌவால்கள் தம் கூட்டத்தின் போக்குவரத்தை வைத்தே நேரம் பிடிப்பதைத் தன் குழுவோடு காட்டியவர்.

சேலத்துப் பெண் ஒருத்தி வரைபடத்தோடு வந்தாள்.

"அக்கா, கலோரியைக் குறைத்ததும் இரவுத் துடிப்பு விழுந்துவிட்டது!"

"தீனி எப்போம்மா போட்டே?"

"பத்து மணிக்கு. அப்போதான் அனிமல் ஹவுஸ் அண்ணன் கதவைத் திறப்பார்."

பட்டினியே சுண்டெலியின் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் இறக்கிவிடும். அந்தப் பதிவில் எது கலோரியால், எது நேரத்தால் என்று பிரிக்க வழியே இல்லை. அறுவை செய்து கருவி பொருத்திய உயிர்கள் அவை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

விளக்கு அணையும் நேரத்தில் தீனி போடுங்கள். மாலையில் ஆள் இல்லையென்றால் அறையின் இரவு பகலைத் திருப்பி வையுங்கள். எலிகள் பழக இரண்டு வாரமாவது விடுங்கள். அப்புறம், நேரத்தின் விளைவைத் தனியே பார்க்க, அளவைக் குறைக்காமல் பகலில் மட்டும் தீனி பெறும் ஒரு குழுவும் கட்டாயம் வேண்டும்.

சிவப்பு விளக்கு

இருட்டு வேளையில் வேலை செய்யச் சிவப்பு விளக்கு மங்கலாக இருந்தால் சரி. பளிச்சென்ற சிவப்பு எலிக்கும் எட்டும்.

கூண்டு மாற்றிய நாள்

அன்றைய பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எலி முடிவுகளை மனிதருக்குப் பொருத்திப் பார்க்கும்போது

கடிகார மணியைப் பார்க்காதீர்கள், விழித்திருக்கும் வேளையைப் பாருங்கள். எலி நண்பகலில் தின்பதற்கு இணை, நாம் நள்ளிரவில் சாப்பிடுவது. தூக்கத்தில் நம் ரத்த அழுத்தம் பொதுவாக 10 முதல் 20 சதவீதம் இறங்கும். எலிக்கு அந்த இறக்கத்தைப் பகல் பதிவில் தேடுங்கள்.