விருந்து மாத்திரை போட்ட பிள்ளை நள்ளிரவில் வீடு வந்தால்

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 24 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஒரு டிசம்பர் 31 இரவு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த விருந்திலிருந்து பதினேழு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். "பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை" என்றே அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். தெர்மாமீட்டர் 106 டிகிரி காட்டியது. தாடை இறுகி, பற்கள் நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தன. கதவோரம் நின்ற நண்பன்தான் கடைசியில் சட்டைப்பையைத் துழாவி, பாதி உடைந்த இளஞ்சிவப்பு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்தான். அவன் விரல்கள் சில்லிட்டிருந்தன. அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. மறுநாள் பையனின் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் வந்தது. உடல் சூட்டில் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்திருந்தது. பிழைத்துக்கொண்டான், பல நாள் டயாலிசிசுக்குப் பிறகு.

எனவே முதல் வேலை, திட்டாமல் கேட்பது. என்ன சாப்பிட்டான், எப்போது, கூடவே மது குடித்தானா? அவன் பேசும் நிலையில் இல்லையென்றால் நண்பனுக்குப் போன் செய்து, "உன் வீட்டில் சொல்ல மாட்டேன், பெயரை மட்டும் சொல்" என்று கேளுங்கள். மிச்ச மாத்திரை, காகிதம், பாட்டில் எதையும் கழிப்பறையில் கொட்டிவிடாதீர்கள். கையோடு எடுத்துச் செல்லுங்கள். மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்றால் அதையும் சொல்ல வேண்டும். சில மருந்துகளோடு எக்ஸ்டசி என்ற இந்த விருந்து மாத்திரை சேர்ந்தால் ஆபத்து பன்மடங்காகும். அக்கம்பக்கத்தாரிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கூடாது.

உடல் கொதிக்கிறது, பிதற்றுகிறான், வலிப்பு வருகிறது, எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது: இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி, மின்விசிறியைப் போட்டு, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வையுங்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் புகட்டாதீர்கள். எக்ஸ்டசி உடலில் நீரைத் தேக்கும். அதோடு குடித்த தண்ணீரும் சேர்ந்து இரத்தத்தில் உப்பு குறைந்தால் மூளை வீங்கும். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் ஒவ்வொரு வாயாகக் கொடுக்கலாம். போதை தெளிய மோர், புளிக்கரைசல், ஊறுகாய் என்று நம் வீடுகளில் ஊட்டுவார்களே, அரைமயக்கத்தில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம்.

எனக்கு இன்னும் பெரிய பயம், அமைதியாகத் தூங்கும் பிள்ளையைப் பற்றித்தான். விருந்துகளில் புழங்கும் ஜி.எச்.பி. என்ற போதைத் திரவத்துக்கு நிறமில்லை, லேசாக உப்புக் கரிக்கும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடும். கெட்டமைன் அறுவை அரங்கில் நாங்கள் பயன்படுத்தும் மயக்க மருந்து. அங்கே ஒருவர் நோயாளியின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விருந்தில் யார் பார்ப்பார்கள்? ஆகவே "தூங்கட்டும், காலையில் பேசலாம்" என்று கதவைச் சாத்தாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்கால் முழங்காலை மடக்கி, வாயைச் சற்றுத் தரைப்பக்கம் சாய்த்து, பக்கத்திலேயே உட்காருங்கள். குறட்டை கரகரவென்று மாறினாலோ உதடு நீலம் பூத்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

மறுநாள் உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும். எக்ஸ்டசி போட்டவனுக்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மனம் விழும். காரணமில்லாமல் அழுவான், எரிந்து விழுவான். அந்த வாரம் அவனைத் தனியே விடாதீர்கள். விசாரணையைச் சோறு போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சாகவேண்டும்போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓடுகிறான், எரிகிறது என்கிறான் என்றால் கெட்டமைன் பழக்கம் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம். பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போகலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் வழி சொல்வார்கள். வழக்குக்குப் பயந்து பதுக்காதீர்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான, போதைக்கு அடிமையானவர்கள், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் நிறுத்தினால் அந்த விலக்கு பறிபோகலாம் என்பதையும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள்.