பவளத் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றும்போது

பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியைப் பெரிய தொட்டிக்கு மாற்றுவோர் அதிகம் அஞ்ச வேண்டியது பழைய மணலுக்குத்தான். பல மாதங்கள் கலையாமல் கிடந்த மணலின் அடியில் தேங்கிய கழிவு, கிளறப்பட்டதும் அம்மோனியாவையும், சில வேளைகளில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடையும் நீரில் கலந்து, மீன்களை ஒரே இரவில் கொன்றுவிடக்கூடும். ஆகவே புதிய மணல் இடுவதே என் பரிந்துரை. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் நீரில் அல்ல, பெரும்பாலும் உயிர்ப்பாறைகளில்தான் (தொட்டியில் இடப்படும் நுண்துளைகள் நிறைந்த பாறைகள்) குடியிருக்கின்றன என்பதால், அந்தப் பாறைகளை உலரவிடாமல் பழைய நீரிலேயே மூழ்கவைத்து மாற்றுங்கள். கூடுதலாக வேண்டிய உப்புநீரை முந்தைய நாளே கலக்கி, வெப்பநிலையும் ஒப்படர்த்தியும் (நீரின் உப்புச் செறிவைக் காட்டும் அளவு; வழக்கமாக 1.025 அளவில்) பழைய தொட்டியோடு ஒத்திருக்கச் செய்யுங்கள். மீன்களைக் கலங்கல் தெளிந்த பிறகே விடுங்கள். முதல் வாரம் முழுவதும் அம்மோனியாவைத் தினமும் சோதித்து, உணவைக் குறைத்தே இடுங்கள்.