அக்ராஸ்டிக் புதிரைக் குறிப்பு, மேற்கோள் என்று இரண்டு பக்கமிருந்தும் போடுவது எப்படி?

குறிப்புகளின் விடை எழுத்துகளைக் கொண்டு ஒரு மேற்கோளைக் கண்டுபிடிக்கும் சொல் புதிர்தான் அக்ராஸ்டிக். ஆங்கிலப் பத்திரிகைகளில் அதைப் பார்த்ததும் பலர் மிரண்டு பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். அது தேவையில்லாத பயம். நாலைந்து குறிப்புகளுக்கு மட்டும் விடை தெரிந்தாலும் பெரும்பாலும் முழுப் புதிரையும் முடித்துவிடலாம்.

எலிசபெத் கிங்ஸ்லி 1934-இல் சாட்டர்டே ரிவ்யூ என்ற அமெரிக்க இதழில் தொடங்கிவைத்த அமைப்புதான் இன்றும். ஏ, பி, சி என்று வரிசையாகக் குறிப்புகள் இருக்கும். விடையின் ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணிட்ட ஒரு கோடு. அதே எண்ணுள்ள கட்டத்திலும் அந்த எழுத்தை நிரப்பினால் ஒரு நூலின் மேற்கோள் உருவாகும். எந்தக் குறிப்பிலிருந்து வந்த எழுத்து என்பது கட்டத்தின் மூலையிலேயே அச்சாகியிருக்கும். விடைகளின் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழே படித்தால் ஆசிரியர் பெயரும் நூலின் பெயரும் கிடைக்கும்.

குறுக்கெழுத்துப் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். கட்டங்களை இடமிருந்து வலமாக மட்டுமே படிக்க வேண்டும். மேலிருந்து கீழே பார்த்தால் ஒன்றும் வராது. வரி முடிந்தால் சொல் முடிந்தது என்றும் அர்த்தமில்லை. கறுப்புக் கட்டம் வந்தால்தான் சொல் முடியும். இல்லையென்றால் அது அடுத்த வரியில் தொடரும்.

முதலில் குறிப்புகளை ஒருமுறை முழுக்கப் படித்து, உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் பென்சிலால் எழுதி உடனே கட்டங்களுக்கு மாற்றுங்கள். பிறகு குறிப்புகளை விட்டுவிட்டு மேற்கோளுக்கு வாருங்கள். புதிரின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஓரெழுத்துச் சொல் என்றால் அநேகமாக 'ஏ' அல்லது 'ஐ'. ஈரெழுத்தில் 'ஆஃப்', 'டு', 'இன்', மூவெழுத்தில் 'தி', 'அண்ட்' ஆகியவற்றை முதலில் பொருத்திப் பாருங்கள்.

ஒரு மாதிரி பார்ப்போம். எல் குறிப்பு 'கப்பலை நிறுத்த உதவுவது', ஆறெழுத்து. 'ஆங்கர்' என்று எழுதியதும் அதிலுள்ள எச் 42-ஆம் கட்டத்துக்குப் போகிறது. 41, 42, 43 சேர்ந்து ஒரு மூவெழுத்துச் சொல். நடுவில் எச் என்றால் 'தி' ஆக இருக்க நிறைய வாய்ப்பு. 41-இன் மூலையில் சி இருக்கிறது. 'தி'யின் முதல் எழுத்தான 'டி'யை (T) சி குறிப்பின் 41-ஆம் கோட்டில் எழுதினால் அது ஆறெழுத்து விடையின் கடைசி எழுத்து. குறிப்போ 'பதினான்கு வரிக் கவிதை'. 'சானெட்' என்பது இப்போது உறுதி. 43-இன் மூலையில் கே. 'தி'யின் கடைசி எழுத்தான 'ஈ' (E) கே விடையின் முதல் எழுத்து. ஆக முதல் எழுத்து வரிசையில் மூன்றாவது (சி) எஸ், பதினொன்றாவது (கே) ஈ, பன்னிரண்டாவது (எல்) ஏ. இப்படி இன்னும் சில எழுத்துகள் சேர்ந்ததும் ஆசிரியரும் நாவலும் 'ஆஸ்டன், பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' என்று பிடிபட்டுவிடும். அந்த நொடியில் மிச்சமுள்ள எல்லாக் குறிப்புகளுக்கும் முதல் எழுத்து கையில் வந்துவிடுகிறது. அதனால் அந்த வரிசையைத் தனியாக ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது. ஆசிரியரின் முழுப் பெயரா, குடும்பப் பெயர் மட்டுமா என்பது புதிருக்குப் புதிர் மாறும்.

தவறுகள் பெரும்பாலும் எண்ணை மாற்றிப் படிப்பதால்தான் வருகின்றன. 68-க்குப் பதில் 86-இல் எழுதினால் இரண்டு சொற்கள் கெட்டுப்போகும். எழுதும்போது மூலையிலுள்ள எழுத்தையும் ஒத்துப் பார்த்தால் அப்போதே பிடித்துவிடலாம். 'கியூ'வை அடுத்து 'யூ' இல்லாமலோ, சொல்லின் தொடக்கத்தில் சேரவே சேராத மெய்யெழுத்துகளோ வந்தால், அந்தக் கட்டங்களின் மூலையிலுள்ள குறிப்புகளைச் சந்தேகியுங்கள். அவற்றில் ஊகமாக எழுதிய விடையை மொத்தமாக அழியுங்கள். ஓர் எழுத்தை மட்டும் திருத்தினால் மிச்சத் தவறுகள் கட்டம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். குறிப்பு பன்மையில் இருந்தால் விடையும் பன்மை. கடைசிக் கோட்டில் 'எஸ்' போட்டுப் பார்க்கலாம். அமெரிக்கப் பத்திரிகை என்றால் 'கலர்' போன்ற சொற்களில் 'யூ' இருக்காது, அதையும் கணக்கில் வைத்துக் கோடுகளை எண்ணுங்கள்.