பெற்றோருக்கு எந்த வகை முதியோர் குடியிருப்பு பொருந்தும்? படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

முதியோர் குடியிருப்பு தேடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் வால்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கின்றன. முதலில் ஓர் இடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். தோட்டம் இருக்கிறது, அறை விசாலமாக இருக்கிறது, வரவேற்பில் இருந்தவர் அன்பாகப் பேசினார், பிடித்துப்போகிறது. அப்பா ராத்திரியில் இரண்டு முறை எழுந்து கழிப்பறை போக ஆள்துணை வேண்டும் என்பதும், அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசல் காவலரைத் தவிர யாரும் இல்லை என்பதும் குடிபோன பிறகுதான் தெரியவருகிறது.

எனவே வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் ஆளைப் பாருங்கள், அடுத்து வகையைத் தீர்மானியுங்கள், இடத்தைக் கடைசியில் தேடுங்கள். உங்களுக்காகவே தேடுகிறீர்கள் என்றாலும் இதே வரிசைதான்.

படி 1: எதற்கெல்லாம் துணை வேண்டும் என்று எழுதுங்கள்

‘வயசாகிவிட்டது, தனியாக விட முடியவில்லை’ என்ற அளவில் நின்றால் எந்த வகையையும் தேர்ந்தெடுக்க முடியாது. முதியோர் மருத்துவத்தில் இதற்கு இரண்டு பழைய பட்டியல்கள் உண்டு, இன்றும் புழக்கத்தில் இருப்பவை. 1963-இல் சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட பட்டியலில் ஆறு செயல்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, படுக்கையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் எழுந்து நகர்வது, சிறுநீர், மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. இவற்றில் குளிப்பதற்குத்தான் பொதுவாக முதலில் துணை தேவைப்படும். தானே சாப்பிடும் திறன் கடைசிவரை நிற்கும் என்பதையும் அந்தக் குழு கவனித்தது.

1969-இல் லாட்டன், பிராடி என்ற இருவர் போட்ட பட்டியல் இன்னொன்று. தொலைபேசியில் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்தைத் தானே எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது என எட்டு வேலைகள். ஆட்டம் காண்பது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கும்.

இரண்டையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் ‘தானே’, ‘யாராவது பக்கத்தில் இருந்தால் போதும்’, ‘கைபிடித்துச் செய்துவிட வேண்டும்’ என்று குறியுங்கள். நடுவில் உள்ள பதில் முக்கியம். ‘முடியும், முடியாது’ என்று இரண்டாகப் பிரித்தால் அது தப்பிவிடும்.

கேட்டு எழுத வேண்டாம், பார்த்து எழுதுங்கள். “குளிக்கத் துணை வேண்டுமாம்மா?” என்று கேட்டால் “எதுக்கு? நானே குளிச்சுக்கறேன்” என்ற பதில்தான் வரும். அதில் பொய்யும் இல்லை, குளிக்கத்தான் செய்கிறார். ஆனால் ஈரத்தரையில் காலை வைத்து, குனிந்து பாதம் தேய்த்து, முகத்தில் சோப்போடு கண்ணை மூடியபடி குழாயைத் தேடும் அந்தச் சில நொடிகளில் எதைப் பிடித்துக்கொள்கிறார்? துண்டு மாட்டும் கம்பி தொளதொளவென்று ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அது மனிதர் எடையைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. அது ஆடுகிறதென்றால் அவர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று சந்தேகப்படலாம்.

மருந்துக்கும் இதே கதைதான். வாங்கிய தேதியையும் அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் எண்ணிக் கணக்குப் போட்டால் போதும். மாத்திரை கூடுதலாக மிஞ்சினாலும் சிக்கல், குறைவாக இருந்தால் அதைவிடப் பெரிய சிக்கல்.

நடையைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். வழக்கமாக அணியும் செருப்போ, ஊன்றும் தடியோ இருக்கட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். இதற்கு 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருப்பதாகக் கொண்டு மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இதையெல்லாம் ஒரு வாரம் கவனியுங்கள். குறிப்பாக இரவை. பகலில் நன்றாக இருப்பவர் பொழுது சாயும்போது குழம்புவதும் பதறுவதும் மறதிநோயில் அடிக்கடி காணப்படுவது. ஆனால் குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று வந்திருந்தால் அது சிறுநீர்த் தொற்றாகவோ, மருந்தின் விளைவாகவோகூட இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் இல்லம் தேடப் புறப்பட வேண்டாம். பார்வை, செவித்திறன், வைட்டமின் பி12, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘முடியவில்லை’ என்று நாம் நினைத்ததில் ஒரு பகுதி வைத்தியத்தில் திரும்பக் கிடைக்கலாம்.

படி 2: வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். ஒரே பெயரில் வேறுவேறு சேவைகள் இருக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வகையைப் பிரிக்க வேண்டும்.

தன்னிச்சைக் குடியிருப்பு: ‘இன்டிபென்டன்ட் லிவிங்’ என்று விளம்பரம் செய்வார்கள். தனி வீடு அல்லது அடுக்ககம், பொதுச் சாப்பாட்டுக் கூடம், சுத்தம் செய்ய ஆள், அவசர மணி, பேச்சுத்துணை எல்லாம் உண்டு. உடலைத் தொட்டுச் செய்யும் உதவி எதுவும் அதில் அடங்காது. எட்டு வேலைகளின் பட்டியலில் மட்டும் சிக்கல் இருப்பவருக்கு இது பொருந்தும்.

துணையுடன் வாழும் இல்லம்: அதாவது ‘அசிஸ்டட் லிவிங்’. குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, வேளாவேளைக்கு மருந்து கொடுப்பது, இரவில் எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது இவர்கள் வேலை. ஆறு செயல்களில் ஒன்றிரண்டுக்குக் கைத்துணை வேண்டும் என்றால் இங்கே பார்க்க ஆரம்பிக்கலாம். மருத்துவமனை அளவுக்கு இங்கே வசதி இருக்காது. பல இடங்களில் செவிலியர் எல்லா நேரமும் இருப்பதில்லை.

நினைவுப் பராமரிப்புப் பிரிவு: ‘மெமரி கேர்’. மறதிநோய் உள்ளவர்களுக்கானது. கதவில் பூட்டுப் போட்டுவிட்டு இந்தப் பெயரை வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு, எச்சரிக்கை. நல்ல பிரிவில் நடைபாதை முட்டுச்சந்தில் முடியாமல் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரும். நடந்துகொண்டே இருக்கிறவரை யாரும் தடுக்க வேண்டியிராது. கழிப்பறை இருக்கை தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வேறு நிறத்தில் இருக்கும். அறை வாசலில் எண்ணோடு அவருடைய பழைய புகைப்படமும் இருக்கும். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009-இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் இந்த யோசனையை ஒரு சிறிய ஊர் அளவுக்கே கொண்டுபோனது. கடை, உணவகம், திரையரங்கு எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மறதிநோய் உள்ளவர்கள் அதற்குள் தங்கள் விருப்பப்படி நடமாடுகிறார்கள். எல்லாருக்கும் அப்படி ஓர் இடம் கிடைக்காது, சரி. ஆனால் எதைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்கு அது ஒரு நல்ல அளவு.

செவிலியர் பராமரிப்பு இல்லம்: ‘நர்சிங் ஹோம்’. இருபத்துநான்கு மணி நேரமும் பயிற்சி பெற்ற செவிலியர். உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய், படுக்கைப்புண், ஆக்சிஜன், முழு நேரப் படுக்கை என்று இருப்பவருக்கு வேறு வழி குறைவு.

தொடர் பராமரிப்பு வளாகம்: மேலே சொன்ன கட்டங்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். தேவை கூடக்கூட உள்ளுக்குள்ளேயே இடம் மாறலாம். தம்பதியில் ஒருவர் நலமாகவும் மற்றவர் நோயாளியாகவும் இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே வளாகத்தில் பத்து நிமிட நடையில் துணையைப் பார்த்துவர முடிவது பெரிய விஷயம். நுழைவுத் தொகை கனமாக இருக்கும் என்பது இதன் மறுபக்கம்.

குறுகிய காலத் தங்கல் என்றும் ஒன்று இருக்கிறது. சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை. அதைப் பற்றிக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

இவை எதுவுமே வேண்டியிராமலும் போகலாம். தாளில் குறித்ததைப் பார்த்தால் காலையில் இரண்டு மணி நேரம் ஆள் வந்து போனாலே போதும் என்று தெரிந்தால், வீட்டிலேயே ஏற்பாடு செய்வதுதான் சரி.

படி 3: இன்றைய நிலையோடு, நோய் போகும் திசையையும் பாருங்கள்

பக்கவாதம் வந்தவருக்கு ஆரம்ப மாதங்களில் துணை அதிகம் தேவைப்படலாம். பயிற்சியால் பிறகு குறையலாம். பார்க்கின்சன், அல்சைமர் போன்றவை எதிர்த் திசையில் போகும். இடுப்பெலும்பு முறிந்து தேறிக்கொண்டிருப்பவரை, அந்த நிலையை வைத்தே நிரந்தரமாக ஒரு செவிலியர் இல்லத்தில் சேர்ப்பது அவசர முடிவு. மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவரைத் தன்னிச்சைக் குடியிருப்பில் சேர்த்தால், ஓரிரு ஆண்டுகளில் மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியிருக்கலாம். புதிய இடத்தைப் பழகுவது அந்த நோயில் மிகக் கடினம். மருத்துவரிடம் “அடுத்த மூன்று ஆண்டுகளில் எப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்று நேரடியாகவே கேளுங்கள்.

இதே கட்டத்தில் பெரியவரிடமும் பேசிவிடுங்கள். முடிவெடுத்த பிறகு தெரிவிப்பது வேறு, சேர்ந்து முடிவெடுப்பது வேறு. ‘எந்த இடம் வேண்டும்?’ என்று கேட்டால் ‘எதுவும் வேண்டாம்’ என்றுதான் வரும். எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தனி அறை, தன் கட்டில், காலையில் செய்தித்தாள், பூனை, பூசையோ தொழுகையோ செபமோ, எதுவானாலும் பட்டியலில் மேலே எழுதுங்கள். தோட்டத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

படி 4: பணத்தையும் ஒப்பந்தத்தையும் படியுங்கள்

கட்டணம் பெரும்பாலும் மூன்று விதம்: வீட்டை விலைக்கு வாங்குவது, பெரிய நுழைவுத் தொகையோடு மாதக் கட்டணம், வெறும் மாத வாடகை. என்ன தேவை என்று இன்னும் தெளிவாகாதவர் விலைக்கு வாங்குவதைத் தள்ளிப்போடுவதே மேல் என்பது என் கருத்து. தேவை மாறினால் வாடகைக்காரர் கிளம்பிவிடலாம். வாங்கியவர் விற்றாக வேண்டும்.

மாதக் கட்டணத்தில் எது சேர்த்தி, எது தனி என்று எழுத்தில் வாங்குங்கள். டயபர், துணி துவைப்பது, மருத்துவமனைக்குத் துணை போவது, குளிப்பாட்டுவது எல்லாம் தனித்தனியாக ரசீதில் ஏறும் இடங்கள் உண்டு. பிறகு ஒப்பந்தத்தில் இந்த இடங்களை மட்டும் பேனாவால் கோடிட்டுப் படியுங்கள்:

- கட்டணம் எப்போது, எந்த அளவுக்கு உயரும்; உச்சவரம்பு உண்டா?
- மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா?
- காலி செய்தாலோ, இறந்துவிட்டாலோ டெபாசிட் யாருக்கு, எத்தனை நாளில் திரும்பும்?
- எந்த நிலை வந்தால் ‘இனி இங்கே வைத்திருக்க முடியாது’ என்று அனுப்புவார்கள்?

கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ‘நாங்க பார்த்துக்கறோம்’ என்று வாயால் சொல்வார்கள். நடக்க முடியாமல் போனால்? மலம், சிறுநீர் அடக்க முடியாமல் போனால்? ராத்திரி கத்தினால்? ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

படி 5: போய்ப் பாருங்கள், இருட்டிய பிறகும்

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை இரவு உணவு நேரத்தில், முடிந்தால் விடுமுறை நாளில், சொல்லாமல் போங்கள். ஆள் குறைவாக இருக்கும் நேரம் அதுதான், இடத்தின் லட்சணமும் அப்போதுதான் தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், இரவில் எத்தனை, அவர்கள் எவ்வளவு காலமாக வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் அம்மாவுக்கு எந்தக் காது கேட்காது என்பதை யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது.

யாராவது அழைப்பு மணியை அழுத்தியிருந்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் போகிறார் என்று கைக்கடிகாரத்தைப் பாருங்கள். படுக்கையிலேயே இருப்பவர்களைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரக்குறிப்பு எழுதப்படுகிறதா, அதில் இன்றைய பதிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீல்சேர் வேண்டியிருக்கும் என்றால் குளியலறைக் கதவை அளந்துவிடுங்கள்: திறந்த வழி 81 சென்டிமீட்டராவது வேண்டும். சாய்தளம் ஒரு மீட்டர் உயரத்துக்கு 12 மீட்டர் நீளத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

சுத்தத்தை மூக்கு சொல்லிவிடும், அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. குடியிருப்பவர்களை ஊழியர்கள் பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்களா, அல்லது அவர்கள் தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தால் போதும்.

படி 6: முதலில் சில வாரம் தங்கிப் பார்க்கட்டும்

குறுகிய காலத் தங்கலுக்கு இடம் தரும் இல்லமாக இருந்தால் முழுத் தொகையையும் கட்டும் முன் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு, மூன்று நாள் போதாது. அது விருந்தாளியாக இருந்துவிட்டு வருவது. முதல் வாரத்தில் ‘என்னைக் கூட்டிக்கொண்டு போ’ என்று சொல்லாதவர்கள் குறைவு, அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். எடை, தூக்கம், பேச்சு, விழுந்தாரா, மருந்து தவறியதா ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். வீட்டில் போட்ட தாளை எடுத்து, அதே செயல்களுக்கு இப்போது என்ன பதில் என்று மறுபடியும் நிரப்புங்கள். முன்பு தானே செய்துவந்ததை அங்கே ஊழியர்கள் அவசரத்துக்குச் செய்துவிடுகிறார்கள் என்று தெரிந்தால் பொறுப்பாளரிடம் அன்றே பேசிவிடுங்கள். ஊட்டிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் சில வாரத்தில் அவர் கை கரண்டியை மறந்துவிடும்.

தங்கும் காலம் முடிகிற வாரத்தில் பெரியவர், பொறுப்பாளர், நீங்கள் என்று மூவரும் உட்கார்ந்து, பராமரிப்புத் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள்: யார், எந்த நேரத்தில், எந்த உதவியைச் செய்வார் என்று. அந்தத் தாளைக் கொடுக்கத் தயங்குகிற இல்லத்தில் முன்பணம் கட்டாமல், அடுத்த இடத்தைப் பார்க்கப் போய்விடலாம்.