கடலில் பட்ட காயமும் கைக்கெட்டும் மாத்திரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெளுத்தி மீனின் முள் உள்ளங்கையில் ஏறிவிட்டால் நம் கரையோரத்தில் செய்யும் வைத்தியம் எல்லோருக்கும் தெரியும். முள்ளைப் பிடுங்கிவிட்டுக் கையைச் சுடுதண்ணீரில் வைப்பார்கள். பிறகு வீட்டில் கிடக்கும் ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாக் கிருமிகளை அடக்கும் மருந்து) கேப்ஸ்யூல் ஒன்றைப் பிரித்து, உள்ளிருக்கும் தூளைப் புண்ணின் மேல் தூவிவிடுவார்கள். இதில் சுடுதண்ணீர் நல்ல வைத்தியம். கெளுத்தி, திருக்கை முள்ளின் நஞ்சு வெப்பத்தில் வலுவிழந்து வலி அடங்கும். கை தாங்கும் சூடு போதும், கொப்புளம் வரும்படி வேண்டாம். தவறு அந்தத் தூளில்தான் இருக்கிறது. வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்வதற்காக அளந்து அடைத்த மருந்து அது. புண்ணின் மேல் போட்டால் ஈரத்தோடு சேர்ந்து பொருக்குக் கட்டி, அடியில் சீழ் பிடிப்பதை மறைத்துவிடும். முள் இறங்கிய ஆழத்துக்கு அது போய்ச் சேராது. சிலருக்குத் தோல் தடித்து அரிக்கவும் செய்யும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, முள்ளின் துண்டு உள்ளே தங்கவில்லை என்று மருத்துவமனையில் பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்வதுதான் சரியான வழி.

அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது, காயம் கடலில் பட்டது என்பதை. பலர் "கையில் புண்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். கடல்நீரில் வாழும் கிருமிகள் வேறு, அவற்றுக்கான மருந்தும் வேறு. சூடான உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமி ஒன்று சில மணி நேரத்திலேயே தசையை அழுகவைக்கக் கூடியது. சாதாரணத் தோல் புண்ணுக்கு எழுதும் செஃபலெக்சின் அதை அடக்கப் போதாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் (செஃபலெக்சின் குடும்பத்தில் பின்னர் வந்த மருந்து) ஊசியும் தேவைப்படும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் தொடர்ந்து மது அருந்துபவர்களுக்கும் இது உயிருக்கே ஆபத்து. கடலில் அடிபட்ட கை வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

நேர்மாறாக, மெதுவாக வருவதும் உண்டு. மீன் கழுவும் கையிலோ, பாசி எடுக்கப் போய்ப் பாறையில் கீறிய காலிலோ சிறு கட்டி ஒன்று வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும். காசநோய்க் கிருமியின் உறவான ஒரு கிருமி அதற்குக் காரணமாக இருக்கலாம். ஐந்து நாள் மாத்திரைக்கு அது அசையாது. மாதக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும். உங்கள் தொழிலைச் சொன்னால்தான் மருத்துவருக்கு அந்த எண்ணமே வரும்.

"காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்கள்" என்று மருந்துக்கடையில் கேட்பதும் இதே வகைத் தவறு. காய்ச்சலுக்கென்று ஆன்டிபயாட்டிக் கிடையாது. பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் உடைக்கிறது. நம் செல்லுக்குச் சுவர் இல்லை என்பதால் நமக்குப் பெரிதாகக் கேடில்லை. வைரஸுக்கும் அந்தச் சுவர் இல்லை. ஆகவே சளி, டெங்கு, சிக்குன்குனியா எதிலும் அது பயன் தராது. குழந்தைக்குத் தண்ணீராக வயிற்றுப்போக்கு போனால் முதலில் வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. வலுவான பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு 2014 முதல் கடைக்காரர் தனிப் பதிவேடே வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்கும் கடைக்காரரிடம் கோபப்படாதீர்கள். அவர் நல்ல கடைக்காரர்.

மலேரியா வேறு கதை. ராமேசுவரம், பாம்பன் பக்கத்தில் அது பழகிய நோய். அதன் கிருமி பாக்டீரியாவும் இல்லை, வைரஸும் இல்லை, ஓர் ஒட்டுண்ணி. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிடும். உடனே படகேறிவிடுகிறார்கள். ஆனால் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக்கொண்டிருக்கும். அதைத் தீர்க்கத்தான் 14 நாள் பிரைமாகுயின் கொடுக்கிறார்கள். நடுவில் விட்டால் சில வாரம், சில மாதம் கழித்துக் காய்ச்சல் திரும்பும். கொசு வழியாக அடுத்த வீட்டுக்கும் போகும். இந்தப் பிரைமாகுயின் மாத்திரையைப் பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது.

விசைப்படகில் போகிறவர் மறுநாள்தான் கரை திரும்புவார். மூன்று வேளை மாத்திரை எழுதினால் இரண்டு வேளை விட்டுப்போகும். இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், முடிந்தவரை ஒரு வேளை, இரு வேளை மருந்தாகப் பார்த்து எழுதுவார். டாக்சிசைக்ளின் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அது தோலை வெயிலுக்குக் கூசவைக்கும். மேல்சட்டை இல்லாமல் நடுக்கடலில் நின்றால் உடம்பு வெந்துபோகும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வயிற்றெரிச்சல் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே சாப்பிட்டால் அது ரத்தத்தில் சேராது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னோர் ஆன்டிபயாட்டிக்கை வெறும் பாலோடு விழுங்குவதும் அப்படித்தான்.

ஈர உடையோடு வேலை செய்பவர்களுக்குப் படர்தாமரை வருவது இயல்பு. கடையில் கேட்டால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்பு கிடைக்கும். அன்றிரவே அரிப்பு நிற்கும், வளையத்தின் சிவந்த ஓரமும் மங்கும். பூஞ்சையோ அடியில் பரவிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும், நாளடைவில் தோலும் மெலிந்து கோடு விழும். இந்தக் களிம்புகளின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

"என் உடம்புக்கு அந்த மாத்திரை பழகிவிட்டது" என்கிறார்கள். பழகுவது உடம்பில்லை, கிருமி. மருந்தைச் சிதைக்கும் நொதியை உண்டாக்கக் கற்ற பாக்டீரியா அந்தத் திறனைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். அளவு குறைத்துச் சாப்பிட்டால் இப்படி ஆகும் என்று பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார். இறால் குளத்தில் ஆன்டிபயாட்டிக் கொட்டுவதும் இதில் சேரும். வெள்ளைப்புள்ளி நோய் வைரஸால் வருவது. மருந்து இறாலைக் காப்பாற்றாது, குளத்துப் பாக்டீரியாவைத்தான் பழக்கும்.

ஆறாத புண்ணுக்கு மருத்துவர் சீழை எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அதில் தெரியும். முன்பே நாலு மாத்திரை விழுங்கிவிட்டுப் போனால் கிருமி வளராமல் முடிவு வெறுமையாக வரலாம். அப்படிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், காலி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.