ஜிம்னியின் மைலேஜ்: கணக்கிடுவதிலும் ஓட்டுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி சுசுகி 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த ஐந்து கதவு ஜிம்னியை வைத்திருப்பவர்களிடம் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால், ஒருவர் பத்து என்பார், மற்றொருவர் பதினாறு என்பார். இருவரும் பொய் சொல்வதில்லை. ஒரே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், ஐந்து கியர் மேனுவல் அல்லது நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் கொண்ட ஒரு வண்டியைப் பற்றி இத்தனை முரண்பட்ட எண்கள் உலவுவதற்கு, ஓட்டும் விதம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் அந்த எண்ணைக் கணக்கிடும் விதமும் ஆகும். வண்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அதைச் செய்வதில்லை.

முதல் தவறு, சோதனைச் சான்றிதழில் குறிக்கப்படும் மைலேஜ் எண்ணை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வது. ஜிம்னி மேனுவலுக்கு லிட்டருக்கு 16.94 கிலோமீட்டர், ஆட்டோமேட்டிக்கிற்கு 16.39 கிலோமீட்டர் என்பவை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை ஓட்டிப் பெற்ற எண்கள். இந்தியாவில் கையாளப்படும் அந்தச் சோதனைச் சுற்று இருபது நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவே நீடிக்கிறது; உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சராசரி வேகம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர், ஏசி ஓடாது, மேடு பள்ளமும் கிடையாது. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துவதற்காக ஏற்பட்ட முறை அது. நம் ஊர்ச் சாலையில் இவ்வளவு கிடைக்கும் என்று சொல்வதற்காக ஏற்பட்டதன்று. தராசு மாறினால் எண்ணும் மாறும் என்பதற்கு ஜிம்னியே நல்ல சாட்சி. அதே அளவு எஞ்சின் கொண்ட மூன்று கதவு ஜிம்னி, ஐரோப்பாவின் பழைய சோதனையில் 100 கிலோமீட்டருக்கு 6.8 லிட்டர் குடித்தது. அதாவது லிட்டருக்கு 14.7 கிலோமீட்டர். சற்றுக் கடுமையான புதிய சோதனையில் அது 7.9 லிட்டராக, அதாவது லிட்டருக்கு 12.7 கிலோமீட்டராக ஆயிற்று. ஜப்பானில் ஜிம்னி சியெரா என்ற பெயரில் விற்கும் அதே வண்டிக்கு, 2018-இல் அறிமுகமானபோது, மேனுவலில் 15.0, ஆட்டோமேட்டிக்கில் 13.6 என்று அறிவித்தார்கள். ஐரோப்பாவில் கரிமப் புகை வரம்பைச் சமாளிக்க முடியாமல் 2020-இல் பயணிகள் வாகனப் பட்டியலிலிருந்தே அதை விலக்கிக்கொண்டு, பின்னர் இரண்டு இருக்கைச் சரக்கு வாகனமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நகரத்தில் ஏசியுடன் பதினொன்று, பன்னிரண்டும், நிதானமான நெடுஞ்சாலையில் பதினைந்தை ஒட்டியும் கிடைத்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இரண்டாவது தவறு, முரட்டுத் தோற்றமுள்ள சிறு வண்டிகளையெல்லாம் ஒரே வகை என்று எண்ணி ஒப்பிடுவது. 2023 ஜூலையில் வந்த ஹூண்டாய் எக்ஸ்டருக்கு மேனுவலில் 19.4 என்ற சான்றிதழ் எண் உண்டு. ஆனால், சக்கர வளைவுகளில் கறுப்புப் பிளாஸ்டிக்கும், கூரையில் கம்பிகளும், 185 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் இருந்தபோதிலும், அடிப்படையில் அது முன்சக்கரங்களால் இழுக்கப்படும் ஒரு சிறிய கார்தான். ஜிம்னியோ தனிச் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டி. முன்னும் பின்னும் முழு அச்சுகள், அவற்றுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் தனிப் பெட்டி, நீண்ட சுழல்தண்டுகள், ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் கண்ணாடி ஆகியவை எல்லாம் அதில் உண்டு. நான்கு சக்கர ஓட்டத்தை இணைக்காதபோதும் இந்தக் கூடுதல் இரும்பைச் சுமந்துகொண்டேதான் அது ஓடுகிறது. எனவே இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எஞ்சின் நிறுவனத்தின் திறமையைக் காட்டுவதன்று. வாங்கியவர் கேட்டுப் பெற்ற பொருள் வேறு என்பதையே காட்டுகிறது.

கணக்கிடும் முறைக்கு வருவோம். வண்டியின் திரையில் தெரியும் சராசரி எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எஞ்சினுக்குள் தெளிக்கப்படும் எரிபொருளைக் கணிப்பொறி மதிப்பிட்டுச் சொல்லும் எண் அது. பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுத் தாராளமாகவே இருக்கும். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுவதே சரியான வழி. ஆனால் அதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருப்பதில்லை. வண்டி நிற்கும் சாய்வைப் பொறுத்தும் பெட்ரோல் பாயும் வேகத்தைப் பொறுத்தும் ஒரு லிட்டர் முன்பின்னாகலாம். பத்து லிட்டர் போட்டுக் கணக்கிட்டால் அந்த ஒரு லிட்டர் பத்து விழுக்காட்டுப் பிழை. ஜிம்னியின் 40 லிட்டர் டேங்கில் 35 லிட்டர் செலவழித்துவிட்டு நிரப்பினால் மூன்று விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஒரே பங்கில், ஒரே குழாயில், மூன்று நான்கு முறை தொடர்ந்து நிரப்பி, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

அந்த மொத்தத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு முறை வந்த மைலேஜையும் கூட்டிச் சராசரி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். நகரத்தில் 100 கிலோமீட்டர் ஓடி லிட்டருக்குப் பத்தும், வெளியூரில் 100 கிலோமீட்டர் ஓடிப் பதினாறும் கிடைத்தால் சராசரி பதின்மூன்று என்று தோன்றும். உண்மையில் முதல் நூறுக்குப் பத்து லிட்டரும் அடுத்த நூறுக்கு ஆறேகால் லிட்டரும் போயிருப்பதால், சராசரி 12.3 தான்.

டயர் மாற்றுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; ஏனெனில் ஜிம்னி வாங்கியவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான். நிறுவனம் பொருத்தித் தரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் 693 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக 235/75 ஆர்15 அளவில் ஆல்-டெரெய்ன் டயரைப் போட்டால் விட்டம் ஏறத்தாழ 733 மில்லிமீட்டராகிறது. அதாவது ஆறு விழுக்காட்டை நெருங்கும் உயர்வு. ஓடோமீட்டர் சக்கரத்தின் சுற்றுகளை எண்ணுகிறதே தவிர, சாலையை அளப்பதில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போவதால், வண்டி உண்மையில் 500 கிலோமீட்டர் ஓடியிருக்கையில் மீட்டர் 472 என்றே காட்டும். அந்தத் தூரத்திற்கு 36 லிட்டர் போயிருந்தால் உண்மையான மைலேஜ் 13.9, மீட்டரை நம்பிக் கணக்கிட்டவருக்கோ 13.1. டயர் மாற்றியதும் மைலேஜ் படுத்துவிட்டது என்று சொல்பவர்களின் இழப்பில் ஒரு பகுதி இப்படி ஏட்டில் மட்டும் நிகழ்ந்த இழப்பாகும். மீதி உண்மையானது: கனமான டயரை ஒவ்வொரு சிக்னலிலும் புதிதாகச் சுழற்ற வேண்டும், அதன் தடித்த பூக்கள் தாரில் அதிகமாக உராய்கின்றன, விட்டம் கூடியதால் கியர் விகிதமும் உயர்ந்து, முன்பு மூன்றாம் கியரில் இழுத்த மேட்டில் இப்போது இரண்டாம் கியர் தேவைப்படுகிறது. எந்த இழப்பு ஏட்டில், எந்த இழப்பு டேங்கில் என்று அறிய, அலைபேசியின் ஜிபிஎஸ் கொண்டு நூறு கிலோமீட்டரை ஒருமுறை அளந்து, மீட்டருடன் ஒப்பிட்டுத் திருத்தக் காரணியைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும். அளவை மாற்றாமல் அதே அளவில் வேறு டயர் போடுபவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. நகரத்திலேயே ஓட்டுபவர்களுக்கு அதுவே போதுமானது என்பேன்.

நெடுஞ்சாலையில் வேகம் செய்யும் செலவைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் இருக்கும் எதிர்ப்பு 110-இல் ஏறத்தாழ 1.9 மடங்காகிவிடும். தாழ்ந்த, சரிந்த முகமுள்ள கார் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். பெட்டி வடிவ வண்டி தப்பாது. அதோடு ஜிம்னியின் மேல் கியர் நெடுஞ்சாலைக்காக அமைந்ததன்று. மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்திற்கு மூவாயிரம் சுற்றுகளைத் தாண்டிவிடுகிறது. சென்னையிலிருந்து திருச்சிக்கு 80-85-இல் போகிறவரும் 110-இல் போகிறவரும் ஒரே வண்டியைப் பற்றிப் பேசினாலும் இரண்டு வண்டிகளைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். கூரையில் கேரியர், அதன் மேல் காலிப் பெட்டி, முன்னால் விளக்குப் பட்டை என்று எதையெல்லாம் காற்றுக்கு எதிரே நிறுத்துகிறோமோ அவையெல்லாம் இந்தக் கணக்கிலேயே சேரும். பயணம் முடிந்ததும் கழற்றி வைப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

மலைப்பாதையில் கிடைத்த எண்ணை வைத்து வண்டியை எடைபோடுவது பலரிடம் காணப்படும் பழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகமண்டலம் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அதற்குள் 1,900 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நான்கு பேரும் பைகளும் சேர்ந்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரத்திற்குத் தூக்க 28 மெகாஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருந்தாலும், சக்கரம் வரை வந்து சேர்வது ஏறத்தாழ கால் பங்குதான். ஆகவே உயரத்திற்காக மட்டும் மூன்றரை லிட்டர் போய்விடும். சமதளத்தில் அதே 50 கிலோமீட்டருக்கு ஆகும் மூன்றரை லிட்டரையும் சேர்த்தால் ஏழு லிட்டர். மைலேஜ் லிட்டருக்கு ஏழு. திரை ஏழைக் காட்டினால் வண்டியில் கோளாறு இல்லை, இயற்பியல் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். இறங்கும்போது அந்த ஆற்றலில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பதால், ஏற்றத்தையும் இறக்கத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அந்த இறக்கத்தில்தான் மிக ஆபத்தான தவறு நிகழ்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது கார்புரேட்டர் காலத்திலிருந்து வந்த வழக்கம். இன்றைய எஞ்சினில், வண்டி கியரில் இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. கணிப்பொறி எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். ஆக, நியூட்ரலில் வருபவர் பெட்ரோலையும் செலவழித்து, எஞ்சினின் தடுப்புச் சக்தியையும் இழந்து, கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மட்டுமே நம்பி, அதைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும் அபாயத்தையும் விலைக்கு வாங்குகிறார். ஏறிய கியரிலேயே இறங்குவது என்ற பழைய ஓட்டுநர்களின் விதி எரிபொருள் கணக்கிலும் சரியானதே.

நான்கு சக்கர ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல். மழை நாளில் பிடிப்பு கூடும் என்றெண்ணி, நல்ல தார்ச்சாலையிலும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி செல்லும் 4எச் நிலையில் ஓட்டுபவர்கள் உண்டு. ஜிம்னியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே வேகவேறுபாட்டை ஏற்கும் அமைப்பு இல்லை. ஆகவே வளைவுகளில் இரண்டும் ஒன்றோடொன்று இழுபறி செய்து, டயரையும் பெட்ரோலையும் தின்பதோடு பல்சக்கரங்களையும் வருத்தும். மணல், சேறு, சரளை ஆகியவற்றுக்கு மட்டுமே அது உரியது. மணலுக்காகக் குறைத்த டயர் காற்றை மறுபடி நிரப்பாமல் வீடு வரை ஓட்டி வருவதும் இதே வகையைச் சேர்ந்தது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவை டயர் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்க வேண்டும்.

அண்மைக் காலத்தில் எல்லாக் குறைகளுக்கும் எத்தனால் கலப்பின் மீது பழி போடுவது எளிதாகிவிட்டது. பழியில் உண்மை இல்லாமலில்லை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே இருபது விழுக்காடு கலந்தால் மொத்த ஆற்றல் ஆறு, ஏழு விழுக்காடு குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், பத்து விழுக்காட்டுக் கலப்புக்காகச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் இதே அளவு மைலேஜ் இழப்பையும், இருபதுக்கென்றே சீரமைத்தவற்றில் ஒன்றிரண்டு விழுக்காட்டையும் மதிப்பிட்டது. பதினான்கு கொடுத்த வண்டியில் மிக அதிகமாகக் கொண்டாலும் ஒரு கிலோமீட்டர்தான் இதனால் குறைய முடியும். மூன்று கிலோமீட்டர் குறைந்திருந்தால் எத்தனாலைத் திட்டிக்கொண்டிராமல், பிடித்தபடியே இருக்கும் பிரேக்கையும், சக்கர அலைன்மென்டையும், ஏர் ஃபில்டரையும், இரண்டு கிலோமீட்டருக்குள் முடியும் தினசரிக் குறும்பயணங்களையும் பார்ப்பது பயன் தரும். எஞ்சின் சூடாகும் முன்பே அணைக்கப்படும் வண்டி, எந்தச் சோதனைச் சுற்றின் எண்ணையும் எட்டாது.

வாங்குமுன் யோசிப்பவர்கள் மைலேஜ் எண்களை நேரடியாகக் கழித்துப் பார்க்காமல், லிட்டராக மாற்றிப் பார்ப்பது நல்லது. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு உயர்ந்தால் நூறு கிலோமீட்டருக்கு 1.7 லிட்டர் மிச்சம். பதினெட்டிலிருந்து இருபதுக்கு உயர்ந்தால் அரை லிட்டருக்குச் சற்று மேல்தான் மிச்சம். மாதம் 800 கிலோமீட்டர் ஓடும் ஒருவருக்கு ஜிம்னி பதின்மூன்றும் எக்ஸ்டர் போன்ற ஒரு கார் பதினாறும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால், முன்னதற்கு அறுபத்தொன்றரை லிட்டரும் பின்னதற்கு ஐம்பது லிட்டரும் ஆகும். லிட்டர் நூறு ரூபாய் என்ற கணக்கில், நான்கு சக்கர ஓட்டத்துக்கும் அந்தச் சட்டகத்துக்கும் அவர் கொடுக்கும் மாத வாடகை ஏறத்தாழ 1,150 ரூபாய்.