வீல்சேர் உதிரிபாகங்களுக்கு மெடிகேர் க்ளெய்ம் போடும் முறை

மெடிகேர் பார்ட் பி-க்கு (அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டில் மருத்துவச் சாதனங்களை ஏற்கும் பகுதி) போகும் வீல்சேர் உதிரிபாக க்ளெய்ம் திரும்பி வந்தால், பலரும் முதலில் பாகத்தைக் குறிக்கும் பில்லிங் கோட் எண்ணைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கோட் பல நேரம் சரியாகவே இருக்கும். அந்தப் பாகம் எந்த வீல்சேரில் மாட்டப்பட்டது, வீல்சேர் யாருக்குச் சொந்தம், எப்போது கிடைத்தது என்பதை க்ளெய்ம் சொல்லியிருக்காது. பேட்டரி செத்துப்போனால் அந்த நோயாளி படுக்கையை விட்டு நகரவே முடியாது. அதனால் இந்த மூன்று விவரத்தையும் சார்ஜ் என்ட்ரிக்கு (பில் விவரத்தைப் பதிவதற்கு) முன்பே கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீல்சேர் யாருடையது?

சாதாரண வீல்சேர்களுக்கு மெடிகேர் 13 மாதம் தொடர்ந்து வாடகை கொடுக்கும். அது முடிந்ததும் வீல்சேர் நோயாளிக்குச் சொந்தமாகிவிடும். வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது டயர் கிழிந்தாலும் ஜாய்ஸ்டிக் பழுதானாலும் சரிசெய்வது சப்ளையரின் பொறுப்பு. அந்தச் செலவு வாடகைக்குள்ளேயே அடங்கிவிட்டதால் தனியாகப் பில் போட முடியாது. போட்டால் சிஓ 97 என்ற மறுப்புக் கோட் ('வேறு கட்டணத்தில் ஏற்கெனவே அடக்கம்') வரும்.

நோயாளிக்குச் சொந்தமான வீல்சேர் என்றாலும் வாரண்டி பார்க்க வேண்டும். வாரண்டிக்குள் வரும் பாகத்துக்கோ கூலிக்கோ மெடிகேர் தராது. மாற்றுக்காக வைத்திருக்கும் இரண்டாவது வீல்சேரின் பழுதுக்கும் தராது. வீல்சேரை வேறு இன்ஷூரன்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தால், அந்த வீல்சேரே மெடிகேர் விதிப்படி தகுதியானது என்று காட்டும் மருத்துவ ஆவணம் முதலில் வேண்டும். சர்வீஸ் தேதியில் நோயாளி நர்சிங் ஹோமில் ஸ்கில்டு கேரில் (நர்ஸ் அல்லது தெரபிஸ்ட் தரும் தொழில்முறைச் சிகிச்சையில்) இருந்தாரா என்றும் கேட்டுவிடுங்கள். எலிஜிபிலிட்டி ஸ்க்ரீனை மட்டும் நம்பினால் தப்பிப்போகும் விஷயம் இது.

கோப்பில் இருக்க வேண்டியவை

ரிப்பேருக்கு டாக்டரின் புதிய ஆர்டர் தேவையில்லை. 'ஆர்டர் வேண்டாம்' என்பதை 'எதுவுமே வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் ஆடிட்டில் பணம் திரும்பப் போகிறது. நோயாளிக்கு வீல்சேர் இன்னும் தேவைப்படுகிறது என்பதற்கு, சர்வீஸ் தேதிக்கு முந்தைய 12 மாதத்துக்குள் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பு ஒன்று வேண்டும். இந்தப் பழுதைச் சரிசெய்வது ஏன் அவசியம் என்பதை டாக்டர் எழுதலாம், சப்ளையரும் எழுதலாம்.

டெக்னீஷியனின் ஒர்க் ஆர்டரில் 'பேட்டரி மாற்றப்பட்டது' என்று ஒரே வரி இருந்தால் போதாது. என்ன புகார், சோதித்ததில் என்ன தெரிந்தது, எந்தப் பாகம் ஏன் மாற்றப்பட்டது, எத்தனை நிமிடம் ஆனது என்ற நான்கும் வேண்டும். 'முழு சார்ஜ் ஏற்றிய பிறகும் லோட் டெஸ்டில் வோல்டேஜ் இறங்குகிறது, இரண்டு பேட்டரியும் சார்ஜைப் பிடிப்பதில்லை' என்பதுபோல எழுதச் சொல்லுங்கள். நோயாளியின் கையெழுத்தும் தேதியும் உள்ள டெலிவரி ரசீதையும் சேர்த்து, எல்லாவற்றையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

கோடும் மாடிஃபையரும்

பேட்டரியின் கோடை அதன் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துப் போடுங்கள், வீல்சேர் மாடலை வைத்து ஊகிக்காதீர்கள். சீல்டு (சீல் செய்த) யூ1 அளவு என்றால் இ2365, சீல்டு 22என்எஃப் என்றால் இ2361, சீல்டு குரூப் 24 என்றால் இ2363. 12 முதல் 24 ஆம்பியர் ஹவர் உள்ள சிறிய சீல்டு பேட்டரிக்கு கே0733. எல்லாமே ஒரு பேட்டரிக்கு ஒரு யூனிட். ஒரே நேரத்தில் அதிகபட்சம் இரண்டு பேட்டரிக்குத்தான் மெடிகேர் தரும். சீல் செய்யாத பேட்டரிக்குத் தராது.

மாடிஃபையரில் (கோடுடன் சேர்க்கும் இரண்டெழுத்துக் குறி) அடிக்கடி குழம்புவது ஆர்ஏ-வும் ஆர்பி-யும். முழு சாதனத்தையே மாற்றினால் ஆர்ஏ, ரிப்பேரின் பகுதியாக ஒரு பாகத்தை மாற்றினால் ஆர்பி. ஒரு பேட்டரிக்கு ஆர்ஏ போட்டுவிட்டால், வீல்சேரின் 5 ஆண்டு ஆயுள் முடிந்ததா, தொலைந்ததா, திருடுபோனதா என்ற கேள்விகள் வேண்டாத இடத்தில் கிளம்பும். புதிதாக வாங்கிய பாகத்துக்கு என்யூ. பாலிசி நிபந்தனைகள் நிறைவேறி, அதற்கான ஆவணமும் கோப்பில் இருந்தால் மட்டும் கேஎக்ஸ். ஆவணம் பின்னால் வரும் என்று நம்பி கேஎக்ஸ் போடாதீர்கள். அது நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி.

இடது, வலது என்று ஜோடியாக வரும் பாகங்களை ஒரே நாளில் மாற்றினால், 2019 மார்ச் 1 முதலான சர்வீஸ் தேதிகளுக்கு இரண்டு தனி வரி வேண்டும். ஒன்றில் ஆர்டி (வலது), மற்றதில் எல்டி (இடது), ஒவ்வொன்றிலும் ஒரு யூனிட். ஒரே வரியில் இரண்டு மாடிஃபையரையும் சேர்த்து 2 யூனிட் போட்டால் நிற்காது.

குஷனுக்குத் தனிக் கவனம் வேண்டும். 22 அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள பொதுக் குஷன் இ2601, அதே அகலத்தில் தோல் பாதுகாப்புக் குஷன் இ2603. இ2603-க்கு உட்காரும் இடத்தில் படுக்கைப்புண் இருக்க வேண்டும் அல்லது முன்பு இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாலிசியில் சொல்லப்பட்ட நோய்களில் ஒன்றினால் அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்க வேண்டும், அல்லது எடையை மாற்றி உட்கார முடியாத நிலை இருக்க வேண்டும். இதைக் காட்டும் ஐசிடி 10 நோய்க் கோட் க்ளெய்மிலும், விவரம் டாக்டரின் குறிப்பிலும் வேண்டும். நீங்கள் கொடுக்கும் பிராண்டும் மாடலும், எந்தத் தயாரிப்புக்கு எந்தக் கோட் என்று மெடிகேருக்காகத் தீர்மானிக்கும் பிடாக் பட்டியலில் அதே கோடின் கீழ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தனிக் கோட் இல்லாத பாகத்துக்கு கே0108. அதில் பாகத்தின் பெயர், தயாரிப்பாளர், மாடல் எண், விலை நான்கும் நேரேட்டிவில் (க்ளெய்மில் விளக்கம் எழுதும் இடம்) போக வேண்டும். தனிக் கோட் இருக்கிறதா என்று தேடாமலே கே0108-க்குப் போவதுதான் இங்கே நடக்கும் தவறு.

ஒரு க்ளெய்மை எழுதிப் பார்ப்போம்

2022 மார்ச்சில் கிடைத்த கே0823 பவர் வீல்சேர். வாடகை முடிந்து நோயாளிக்குச் சொந்தமாகிவிட்டது. இரண்டு யூ1 சீல்டு பேட்டரி மாற்றப்பட்டது.

முதல் வரியில் இ2365, மாடிஃபையர் என்யூ, ஆர்பி, கேஎக்ஸ், யூனிட் 2. இரண்டாம் வரியில் கே0739, யூனிட் 2. இரண்டு வரிக்கும் நேரேட்டிவில் 'கே0823, பேஷண்ட் ஓன்டு, 03 2022'. எலெக்ட்ரானிக் க்ளெய்மில் இது என்டிஇ என்ற குறிப்புப் பகுதியில் போகும், 80 எழுத்துக்குள் முடிக்க வேண்டும். பேப்பர் ஃபார்ம் 1500-இல் 19ஆம் கட்டம்.

கே0739 என்பது டெக்னீஷியனின் கூலி, 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட். ஆனால் வழக்கமான வேலைகளுக்கு மெடிகேர் யூனிட்டை முன்பே நிர்ணயித்திருக்கிறது. பேட்டரிக்கு 2 (சுத்தம் செய்வதும் சோதிப்பதும் சேர்த்து), ஜாய்ஸ்டிக்குக்கு 2 (ப்ரோக்ராமிங் சேர்த்து), டயருக்குச் சக்கரம் ஒன்றுக்கு 1. பேட்டரி மாற்ற ஒரு மணி நேரம் ஆனாலும் 2 யூனிட்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் நேரமும் அதற்குள்ளேயே அடக்கம். வீட்டுக்குப் போய்வந்த பயண நேரத்தையும், வீல்சேரை எடுத்துவந்த செலவையும் எந்தக் கோடிலும் நுழைக்க முடியாது.

வேலை ஒரு நாளுக்கு மேல் இழுத்தால் நோயாளிக்குத் தற்காலிக வீல்சேர் கொடுத்து கே0462 போடலாம். என்ன பழுது, ஏன் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, பழுதான வீல்சேரின் பிராண்டும் மாடலும் வாங்கிய தேதியும் என்ன, கொடுத்த வீல்சேர் எது என்று எல்லாம் எழுத வேண்டும். மெனக்கெட வேண்டிய வேலை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், அந்த நாட்களில் நோயாளி நகர இது ஒன்றுதான் வழி.

க்ளெய்ம் எந்த டிஎம்ஈ மேக்குக்கு (மருத்துவச் சாதன க்ளெய்ம்களை மெடிகேருக்காகக் கவனிக்கும் நிறுவனம்) போக வேண்டும் என்பதை நோயாளியின் நிரந்தர முகவரி முடிவுசெய்யும், சப்ளையரின் முகவரி அல்ல. நொரிடியன், சிஜிஎஸ் என இரண்டு நிறுவனங்கள் நான்கு பகுதிகளைக் கவனிக்கின்றன. தவறான இடத்துக்கு அனுப்பினால் சிஓ 109. சர்வீஸ் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் சரியான இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். டிடக்டிபிள் (நோயாளி முதலில் கட்ட வேண்டிய ஆண்டுத் தொகை) கழிந்தபின் அனுமதித்த தொகையில் 80 சதவீதம் மெடிகேர் தரும், மீதி 20 சதவீதம் நோயாளி அல்லது செகண்டரி இன்ஷூரன்ஸ்.

டினையல் வந்தால்

சிஓ 16-உடன் எம்ஏ130 ரிமார்க் வந்தால் அப்பீலுக்குப் போகாதீர்கள். அது ப்ராசஸ் செய்யவே முடியாத க்ளெய்ம் என்று அர்த்தம், அப்பீல் உரிமையே கிடையாது. விடுபட்டதைச் சேர்த்துப் புதிதாக அனுப்புங்கள். இங்கே பெரும்பாலும் விடுபட்டிருப்பது மேலே சொன்ன நேரேட்டிவ்தான். சிஓ 18 டூப்ளிகேட் என்றால் மறுபடி அனுப்பாமல் முதல் க்ளெய்ம் என்ன ஆனது என்று தேடுங்கள்.

சிஓ 50 மருத்துவ அவசியம் இல்லை என்பது. இதற்கு ஆவணங்களோடு அப்பீல்தான் வழி. சிஓ (சப்ளையரே ஏற்க வேண்டியது) என்று வந்த தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது. மெடிகேர் தராது என்று முன்பே தெரிந்தால், பாகத்தைக் கொடுப்பதற்கு முன் காரணமும் உத்தேசச் செலவும் எழுதிய ஏபிஎன் என்ற முன்னறிவிப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஜிஏ மாடிஃபையர் போட வேண்டும். பொருளைக் கொடுத்தபின் வாங்கும் கையெழுத்து செல்லாது.

முதல் அப்பீலான ரீடிடர்மினேஷனுக்கு முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 120 நாள். அடுத்தது ரீகன்சிடரேஷன், அதற்கு 180 நாள். டாக்டரின் குறிப்பு, ஒர்க் ஆர்டர், டெலிவரி ரசீது எதுவானாலும் இந்த இரண்டாம் கட்டத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தக்க காரணம் இல்லாமல், அடுத்த கட்டத்தில் நீதிபதி முன்பு புதிய ஆவணத்தை நீட்டினால் ஏற்கமாட்டார்கள்.